அட்டை அடிப்பவளின் அட்டை

திருப்பதியில் எந்தத் தெருவில் நின்றாலும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பத்துப் பிள்ளைகளாவது கண்ணில் படுவார்கள். அதில் நாலு பேர் மாட்டியிருப்பது என் கடை அட்டை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பெருமை எனக்குச் சேர வேண்டியதல்ல. நான் கோவர்த்தனன், கடை முதலாளி, பெயர்ப் பலகையில் இருப்பவன். அட்டை அடிப்பவள் கன்னிகா.

கன்னிகாவுக்கு நாற்பத்திரண்டு வயது. நகரிப் பக்கம் தமிழ் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தெலுங்கு மீடியத்தில் இன்டர், அதாவது பன்னிரண்டாவது வரை படித்து, சித்தூரில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் ரவி பலமனேருக்கும் சித்தூருக்கும் பால் வண்டி ஓட்டுகிறார். மகள் யாமினி நர்சிங் படிக்கிறாள். எட்டு வருடத்துக்கு முன் லேமினேஷன் போட ஆள் தேவை என்று நான் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து வந்தாள். ஆறே மாதத்தில் என் கம்ப்யூட்டரை எனக்கே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு முன்கோபம் உண்டு. அவள் வந்த பிறகு வாடிக்கைக்காரர்கள் என்னைத் தாண்டி அவளிடம் போய்ப் பேசினார்கள், வியாபாரம் கூடியது. இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம். அட்டைகள் மிஷினில் ஓடும்போது, அதிலிருக்கும் முகங்களை பில் புத்தகத்தின் பின்பக்கம் வரைந்துகொண்டிருப்பாள். அட்டைப் போட்டோவில் யாரும் சிரிப்பதில்லை அல்லவா? இவள் வரைந்தால் சிரிப்பார்கள். ஒருத்தன் தும்முவான். ஒருத்தி பக்கத்து அட்டைக்காரியின் டிபன் பாக்ஸை எட்டிப் பார்ப்பாள். என் பில் புத்தகம் பாழாகிறது என்று நான் கத்துவேன். அவள் அடுத்த பக்கத்தில் என்னையே வரைந்து வைப்பாள், வாய் திறந்தபடி.

"இதுங்க நடமாடினா எப்டி இருக்கும்ணா" என்றாள் ஒரு நாள்.

அப்படித்தான் போன வருடம், கடையிலிருந்து நாலு கட்டடம் தள்ளியிருக்கும் தனியார் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். கணினி வரைகலை டிப்ளமோ, வாரத்தில் நாலு நாள், ஆறிலிருந்து எட்டு மணி வரை. வகுப்பில் முப்பத்தொரு பேர். ஓட்டல் காசாளர், நர்ஸ், ரேணிகுண்டாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஐம்பது வயது சலீம் பாய் என்று எல்லாருமே பகலெல்லாம் வேறு வேலை பார்ப்பவர்கள். எட்டேகாலுக்கு சித்தூர் பஸ்ஸில் ஏறினால் அவள் வீடு போய்ச் சேரப் பத்தாகிவிடும். ஒரு நாள்கூட அலுத்துக்கொண்டதில்லை.

படிப்பு முடிய ஒரு படம் செய்து கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஓடுகிற, அசையும் படம். கன்னிகா எடுத்துக்கொண்ட கதை, கடை மூடிய பிறகு அட்டையில் இருக்கும் போட்டோக்கள் என்ன பேசிக்கொள்கின்றன என்பது. கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கல்லூரியில் முப்பத்தொரு பேருக்கு எட்டு கம்ப்யூட்டர். இவளுக்கு வாரத்தில் கிடைப்பது நாற்பது நிமிடம். அந்தக் கணக்கில் படம் முடிய இரண்டு வருடம் ஆகும், கெடுவோ அக்டோபர் கடைசி. படம் இல்லாவிட்டால் டிப்ளமோ இல்லை.

அவளிடம் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. மென்பொருள்தான் இல்லை. அதற்கென்ன, எங்கள் தொழிலில் யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? கடையில் பதினொரு வருடமாக ஓடுவது கிராக் காப்பி. அதையே அவள் லேப்டாப்பிலும் ஏற்றிக் கொடுத்தேன். மூன்றாம் வாரம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ், அவள் செய்து வைத்திருந்த முப்பது விநாடிப் படத்தையும், ஒரு பள்ளிக்கூடத்துக்காக நாங்கள் எடுத்திருந்த நானூறு போட்டோவையும் சேர்த்து விழுங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் போய் நானூறு பேரையும் திரும்பப் படம் பிடித்து வந்தோம். அன்று அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இனிமேட்டு திருட்டு சாமான் எனக்கு வேணாம்ணா."

காசு கொடுத்து வாங்க விலை என்ன தெரியுமா? வருடத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல். அவள் சம்பளத்தில் அது நடக்கிற காரியமில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஒரு காலை, கன்னிகா கடைக்குள் நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். முந்தின நாள் வகுப்பில் பவ்யா என்ற டீச்சர், யாமினியைவிட நாலைந்து வயது மூத்த பெண், சொல்லியிருக்கிறாள்: "மேடம், மீரு ஸ்டூடென்ட் கதா? ஸ்டூடென்டுக்கு வேற ரேட்டு." நீங்கள் மாணவிதானே என்று கேட்டிருக்கிறாள். மாணவர் என்று நிரூபித்தால் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதுவும் இந்தச் சலுகை ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு முடிகிறது.

"நாப்பத்திரெண்டு வயசுல இன்னா ஸ்டூடென்ட்டு?" என்றேன்.

"வயசு கேக்கலணா. படிச்சிக்கினு இருக்கியான்னு மட்டும்தான் கேக்கறான். ரெண்டு தபா படிச்சேன், எங்கயுமே வயசு இல்ல."

விதிமுறைகள் முழுவதையும் சித்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து மொழிபெயர்த்துப் படித்திருக்கிறாள். அந்த மென்பொருளில் வேலை செய்து சம்பாதிக்கலாமா என்றுகூடப் பார்த்து வைத்திருந்தாள். படிக்கும் காலத்தில் தடையில்லையாம். வளைகாப்பு, காதுகுத்து வீடியோ அழைப்பிதழ் செய்து கொடுத்தே இந்தக் காசை எடுத்துவிடுவேன் என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றே விண்ணப்பித்தாள். சரிபார்க்க ஒரு சான்று கேட்டார்கள். மூன்று முறைதான் அனுப்பலாம், மூன்றும் தவறினால் கணக்கை மூடிவிடுவார்கள். அவளிடம் இருந்தது கட்டண ரசீது. அதை அனுப்பினாள். பத்து நிமிடத்தில் நிராகரித்துப் பதில் வந்தது. பெயரும், சேர்க்கை எண்ணும், எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் உள்ள அடையாள அட்டை வேண்டுமாம்.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. ஊருக்கெல்லாம் அட்டை அடிக்கிறவளுக்கு அட்டை இல்லை. மாலை வகுப்பில் யாருக்குமே இல்லை. யாரும் கேட்டதில்லை, கல்லூரியும் கொடுத்ததில்லை.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். அந்தக் கல்லூரியின் பகல் மாணவர்களுக்கு வருடா வருடம் அட்டை அடிப்பதும் நாங்கள்தான். டிசைன் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பிரின்சிபால் கையெழுத்தும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. கன்னிகா டீக்கடைக்குப் போய் வருவதற்குள், அவள் ஆதார் போட்டோவை எடுத்துப் போட்டு, நூற்றொன்று என்று ஒரு எண்ணையும் கொடுத்து, அட்டையை அடித்து, நாடாவும் கோத்து அவள் மேஜைமேல் வைத்துவிட்டேன். பெரிய உபகாரம் செய்த திருப்தியில் உட்கார்ந்திருந்தேன்.

வந்தவள் கையில் எடுத்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு மேஜையிலிருந்த பெரிய கத்தரியை எடுத்து, அதைக் குறுக்கே இரண்டாக வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இன்னா திமிரு உனக்கு? ஒன்னோட நல்லதுக்குத்தானே செஞ்சேன்? அந்த வெப்சைட்டுக்காரன் எந்த தேசத்துல இருக்கானோ, அவனுக்கு இன்னா தெரியும்?"

"அவனுக்குத் தெரியாதுணா. நான் நெசமாத்தான் படிக்கறேன். கார்டு மட்டும் இன்னாத்துக்குப் பொய்யா இருக்கணும்?"

அவளே தொடர்ந்தாள். "எட்டு வருசமா இந்த மிஷின்ல வந்த கார்டு எல்லாமே நெசம். ஒண்ணு பொய்யா வந்துச்சுன்னா, அப்புறம் எதைப் பாத்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன், அதுதான் தப்பு. ஜன்னலுக்குப் பின்னால் கிளார்க் சுரேஷ்பாபு. கன்னிகாவை வருடக் கணக்காகப் பார்க்கிறவர், ஆனால் பார்சல் கொண்டு வருகிற அம்மாவாக. அடையாள அட்டை வேண்டும் என்றதும், "பாப கார்டா, பாபு கார்டா?" என்று கேட்டார். மகளுக்கா, மகனுக்கா என்று.

"நாதே சார்" என்றாள் கன்னிகா. எனக்குத்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு பொறுமையாகவே சொன்னார். மாலை வகுப்புக் கட்டணத்தில் அட்டைக்குக் காசு சேர்ப்பதில்லை. மாலை வகுப்புக்காரர்களுக்குச் சேர்க்கை எண்ணே கிடையாது, ரசீது எண் மட்டும்தான். எண் இல்லாமல் ஸ்டடி சர்டிபிகேட்கூட எழுத முடியாது. நான் சும்மா இருந்திருக்கலாம். "காசு வாங்கத் தெரியுது, நம்பர் குடுக்கத் தெரியலியா?" என்று சத்தம் போட்டேன். சுரேஷ்பாபு ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டார்.

"நீங்க கடைக்குப் போங்கணா, புண்ணியமாப் போவும்" என்று என்னை அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் செய்திருக்க மாட்டேன், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பிரின்சிபாலுக்குத் தெலுங்கில் ஒரு மனு எழுதினாள். அதில் சலுகை, மென்பொருள் எதையும் முன்னால் வைக்கவில்லை. மாலையில் படிக்கும் முப்பத்தொரு பேரும் இந்தக் கல்லூரி மாணவர்கள், எங்களுக்கும் எண்ணும் அட்டையும் வேண்டும், அட்டைக்கான பணத்தை நாங்களே கட்டுகிறோம், இவ்வளவுதான். வகுப்பில் அதை வாசித்துக் காட்டியபோது முதலில் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டவர் சலீம் பாய்.

"யாரும் குடுக்கலன்னு இத்தினி நாள் நெனச்சிக்கினு இருந்தேன் தங்கச்சி. நாமளும் கேக்கலியே" என்றாராம். அவருக்கும் மிஷின் பாகங்கள் வரைய ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. விலையைக் கேட்டுவிட்டு ஒரு வருடமாகப் பேசாமல் இருந்திருக்கிறார். அன்று முப்பத்தொரு கையெழுத்தும் விழுந்தது. மறுநாள் மனு பிரின்சிபால் மேஜைக்குப் போனது. சுரேஷ்பாபுவே கொண்டு போய் வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

பன்னிரண்டு நாள். கன்னிகா தினமும் காலெண்டரைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன். இருபத்தாறாம் தேதி சுரேஷ்பாபு கடைக்குப் போன் செய்தார். பிரின்சிபால் ஒப்புக்கொண்டார், எண்கள் போட்டாகிவிட்டது, அட்டைக்கு மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்க வேண்டும், உங்கள் விலையை எழுதி அனுப்புங்கள். போனை வைத்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன், என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தேன்.

"ஓசியிலயே அடிச்சிக் குடுத்துடலாம் கன்னிகா. நம்ம பேட்ச்" என்றேன். நம்ம பேட்ச் என்று என் வாயில் வந்ததை அவள் கவனித்திருப்பாள்.

"ஓசி வேணாம்ணா. அப்புறம் கடைக்காரன் குடுத்த கார்டுன்னு ஆயிடும். காலேஜ் குடுத்த கார்டா இருக்கட்டும். வெலையும் நீங்களே எழுதுங்க, நான் எழுதக் கூடாது."

எழுதினேன். எங்கள் விலைதான் குறைவு. இருபத்தெட்டாம் தேதி ஆர்டர் கைக்கு வந்தது. கன்னிகா மாலை வகுப்பு பதினேழாம் எண்.

முப்பது அட்டைகளை அவளே அடித்தாள். முப்பத்தொன்றாவது வந்ததும் மிஷினை விட்டு எழுந்துகொண்டாள். "இத நீங்க அடிங்கணா."

அதற்குப் போட்டோவும் நானே எடுத்தேன். வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்றுகொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதம்மா, கார்டு போட்டோ."

"சிரிச்சா இன்னாணா? அதுல சிரிக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதிக்கீதா?"

எழுதியிருக்கவில்லை. அந்தப் பொய் அட்டையைத் தவிர, நான் மிஷினைத் தொட்டு மூன்று வருடமாகிறது. முதல் அட்டையில் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அவள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளே தவிர, ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. இரண்டாவது அட்டை சுத்தமாக வந்தது. சூடு ஆறுவதற்குள் அதைக் கையில் எடுத்து நெற்றிப் பக்கம் கொண்டு போனாள், பிறகு மற்ற முப்பதோடு சேர்த்து பார்சலில் வைத்துக் கட்டிவிட்டாள். எனக்கு அது புரியவில்லை. கையிலேயே இருக்கிறதே, எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன்.

"இன்னும் என்னோடது ஆவலணா" என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை மாலை. பார்சலை ஜன்னலில் கொடுத்தாள், கடை சார்பில் டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டாள், சுரேஷ்பாபு எண்ணிப் பார்த்து முத்திரை குத்தினார். அவள் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய், அதே ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்த மாலை வகுப்பு வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள். முன்னால் சலீம் பாய். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் முறை வந்தபோது சுரேஷ்பாபு நிமிர்ந்து பார்த்தார். அரை மணிக்கு முன் பார்சல் கொடுத்துவிட்டுப் போன அதே முகம். லேசாகச் சிரித்துவிட்டு, ரிஜிஸ்டரைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

"பதினேழு. இக்கட சந்தகம் பெட்டண்டி" என்றார். இங்கே கையெழுத்துப் போடுங்கள். அந்த 'அண்டி', நம்முடைய 'ங்கள்', அவளுக்கு அந்த ஜன்னலில் கிடைத்தது அன்றுதான் முதல் தடவை.

அட்டையை வாங்கி அங்கேயே கழுத்தில் மாட்டிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது, தூசி என்று சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை என்றாலும் திறந்தோம். கன்னிகா இரண்டாம் முறை விண்ணப்பித்தாள். ஆறு நிமிடத்தில் பதில் வந்தது. நிராகரிப்பு.

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உலகத்திலேயே உண்மையான அட்டை அதுதான், அதை எப்படி மறுப்பார்கள்? பதிலைப் பத்து முறை படித்தோம். 'இந்த ஆவணம் கணினியில் தயாரிக்கப்பட்டதாகத் தெரிகிறது.'

கன்னிகாவுக்குத்தான் முதலில் பிடிபட்டது. தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் தொழிலில் யாராவது அட்டையைக் காட்டு என்றால் நாங்கள் அனுப்புவது அச்சுக்குப் போகும் ஃபைல். எட்டு வருடத்துப் பழக்கத்தில் அவள் கையும் தானாக ஃபைலைத்தான் எடுத்து அனுப்பியிருக்கிறது. நிழலில்லை, வளைவில்லை, பளிச்சென்று இருக்கிறது. அவர்கள் கேட்டது கழுத்தில் தொங்கும் அட்டையின் போட்டோ.

மிச்சம் இருப்பது ஒரே முறை. மறுநாளோடு சலுகை முடிகிறது.

திங்கட்கிழமை காலை வெளிச்சம் நன்றாக வந்ததும், பில் புத்தகத்தின்மேல் அட்டையை வைத்து, மை படிந்த கட்டைவிரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தாள். நாடா முறுக்கிக்கொண்டிருந்தது, என் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்திருந்தது. இதைவிட அசிங்கமாக ஒரு அட்டையை எங்கள் கடையில் யாரும் படம் பிடித்ததில்லை. நான் போட்டோவைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டேன். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். அனுப்பினாள்.

எட்டு நிமிடம். பத்து. பதினைந்து. ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண்ணைத் திரும்ப வரச் சொல்லிவிட்டேன். பத்தொன்பதாவது நிமிடம் லேப்டாப்பில் ஒரு சின்ன மணி அடித்தது. கன்னிகா திரையைப் பார்த்தாள், லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். மாணவர் என்று உறுதி செய்யப்பட்டது.

பதினோரு மணிக்குள் பணம் கட்டி, மென்பொருளை இறக்கி, திறந்துவிட்டாள். ரவிக்குப் போன் போட்டு, பால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, விஷயத்தைச் சொன்னாள். முதல் வேலையாக, பில் புத்தகத்திலிருந்த என் முகத்தை உள்ளே ஏற்றி, வாயைத் திறந்து மூட வைத்தாள். நான் நிஜத்தில் கத்துவதைவிட அது நன்றாகக் கத்தியது.

அந்த வாரம் முழுக்க மாலை வகுப்புக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். எப்படி விண்ணப்பிப்பது, எதை அனுப்புவது என்று கேட்டார்கள். எல்லாரிடமும் கன்னிகா ஒன்றையே முதலில் சொன்னாள்: "ஃபைல் அனுப்பாதீங்க, போட்டோ எடுங்க, வெரலு தெரியட்டும்." சலீம் பாய்க்கு அவருடைய மென்பொருள் ஒரு வருடத்துக்கு இலவசமாகவே கிடைத்தது. அன்று எங்கள் இருவருக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தார். "துன்னுட்டுத்தான் வேலை" என்று மிஷினை அவரே அணைத்துவிட்டார்.

இனி என் விஷயம். அக்டோபரில் அவள் படம் முடிந்து, கல்லூரியில் போட்டுக் காட்டினார்கள். அட்டையிலிருந்து முதலில் தலையை நீட்டிச் சிரிக்கும் முகம் பதினேழாம் எண்ணுடையது. சுரேஷ்பாபு பின் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அன்று கடைக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். பதினொரு வருடத்துக் கிராக் காப்பி எப்போதும்போல் திறந்துகொண்டது. அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது.

கன்னிகா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானேதான் அந்த வெப்சைட்டைத் திறந்தேன். கடையின் பெயர், என் பெயர் எல்லாம் நிரப்பினேன். பிறகு ஒரு கேள்வி வந்தது: நீங்கள் மாணவரா? கீழே இரண்டு கட்டம். கல்லூரி அட்டையின் டிசைன் பக்கத்து ஃபோல்டரில் இருந்தது, பிரின்சிபால் கையெழுத்தோடு. முழு விலை, அறுபதாயிரத்துச் சொச்சம், மறு பக்கத்தில் இருந்தது. கன்னிகா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ பள்ளிக்கூடத்து அட்டை அடித்துக்கொண்டிருந்தாள்.

இல்லை என்ற கட்டத்தை அழுத்தினேன்.